ரிடக்ஸா, ஜுஸ்டாண்டா என்று முடிவெடுக்கும் முன்

கேள்வி: மருந்து மொத்த விநியோகஸ்தர்களுக்கான ஆர்டர் செயலி ஒன்றை ரியாக்ட்டில் (திரைகளைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) செய்துவருகிறோம். மெடிக்கல் ஷாப்காரர்கள் அதில் ஆர்டர் போடுவார்கள். விநியோகஸ்தரின் சேல்ஸ் ஆட்களும் கடை கடையாகப் போய் அவர்களுக்காகப் போடுவார்கள். தொடங்கியபோது நாங்கள் 2 பேர், 15 திரைகள். இப்போது 9 பேர், 80 திரைகளுக்கு மேல். செயலி நினைவில் வைக்கும் மதிப்புகளை, அதாவது ஸ்டேட்டை, முதலில் அந்தந்தத் திரைக்குள்ளேயே வைக்கும் யூஸ்ஸ்டேட்டில் ஓட்டினோம், அப்புறம் பல திரைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் கான்டெக்ஸ்ட்டுக்குப் போனோம். இன்று செயலியின் உச்சியில், கான்டெக்ஸ்ட் மதிப்புகளைக் கீழே கொடுக்கும் 11 ப்ரொவைடர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கின்றன. மேலே கார்ட் எண்ணிக்கை ஒன்று, பக்கத்துக்குள் வேறொன்று. ஒரு மருந்தின் ஸ்டாக் ஒரு திரையில் 40, அடுத்த திரையில் 55. ஆர்டர் பக்கத்தில் அளவை மாற்றும்போது பழைய போன்களில் எண்கள் திணறித் திணறி வருகின்றன. ஸ்டேட்டை ஒரே இடத்தில் வைக்கும் ரிடக்ஸ் லைப்ரரியைப் போட்டே ஆக வேண்டும் என்கிறார் டீம் லீடு. அதெல்லாம் பழைய காலம், அதே வேலைக்கான சிறிய லைப்ரரி ஜுஸ்டாண்ட் போதும் என்கிறார்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். இதற்காகப் புது வேலை எதையும் நிறுத்த முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எதை எடுப்பது, எப்படி மாறுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

உங்கள் கடிதத்தில் மூன்று புகார்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று டீம் எடுத்துக்கொண்டதால்தான் பேச்சு நேராக லைப்ரரி பெயருக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். கார்ட் எண்ணிக்கைப் பிரச்சினையை எந்த ஸ்டோரும் (ஸ்டேட்டைப் பொதுவாக வைக்கும் இடம்; ரிடக்ஸும் ஜுஸ்டாண்டும் தருவது அதைத்தான்) தீர்க்கும். திணறலைப் பெரும்பாலும் ஸ்டோர் இல்லாமலேயே தீர்க்கலாம். ஸ்டாக் கோளாறை ரிடக்ஸும் தானாகத் தீர்க்காது, ஜுஸ்டாண்டும் தீர்க்காது. விநியோகஸ்தர் போன் போட்டுத் திட்டுவது ஸ்டாக்குக்காகத்தான் இருக்கும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

பாராசிட்டமால் 650 ஸ்ட்ரிப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேடல் பக்கம் திறந்ததும் அங்குள்ள யூஸ்எஃபெக்ட் (திரை வந்தபின் ஓடும் கோடு) சர்வரைக் கேட்டு 55 என்று வாங்கி, தன் யூஸ்ஸ்டேட்டில் வைத்துக்கொள்கிறது. இதற்கிடையில் வேறு யாரோ 15 ஆர்டர் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் மருந்தின் விவரப் பக்கத்துக்குப் போகிறார். அது தனியாகக் கேட்டு 40 என்று வாங்குகிறது. அங்கிருந்து ஆர்டர் பக்கத்துக்குப் போனால், ஸ்டாக் ப்ரொவைடர் முன்பே வாங்கி கான்டெக்ஸ்ட்டில் தங்கிவிட்ட பழைய 55 மறுபடி கண்ணில் படுகிறது. இந்த இரண்டு எண்ணுமே உங்கள் செயலியின் ஸ்டேட் கிடையாது. குடோனில் இருக்கும் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்த எண்கள் அவை. எத்தனை மணிக்கு எழுதியது என்று மட்டும் எந்தச் சீட்டிலும் இல்லை. ஆளுக்கொரு சீட்டை ஒழித்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரே சீட்டு என்று ரிடக்ஸில் வைத்தால் இரண்டு திரையும் ஒரே எண்ணைக் காட்டும், சரி. ஆனால் இரண்டும் சேர்ந்து பழைய எண்ணைக் காட்டும். எப்போது பழசாகிறது, யார் போய்ப் புதிதாகக் கேட்பது, இரண்டு திரைகள் ஒரே நேரத்தில் கேட்டால் ஒரே அழைப்பாகச் சேர்ப்பது எப்படி என்பதையெல்லாம் அப்போதும் நீங்கள்தான் கையால் எழுத வேண்டும்.

இந்த வேலைக்கென்றே தனியாக லைப்ரரிகள் உண்டு. ரியாக்ட் க்வெரி என்று வந்து, 2022-இல் டான்ஸ்டாக் க்வெரி என்று பெயர் மாறியது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு சர்வர் தகவலுக்கும் ஒரு சாவி கொடுக்கிறீர்கள்: 'ஸ்டாக், இந்தக் குடோன், இந்த மருந்து' என்பது போல. அதே சாவியை எத்தனை காம்பொனென்ட் (திரையின் ஒரு துண்டு) கேட்டாலும் ஒரே நகலிலிருந்து கிடைக்கும். எவ்வளவு நேரம் வரை அந்த நகலைப் புதிது என்று நம்பலாம் என்பதையும் நீங்களே சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் பூஜ்யம். அதாவது வந்த உடனேயே பழசு என்று கணக்கு. திரை மறுபடி திறந்தால், வேறு டேபிலிருந்து திரும்பினால், நெட் போய் வந்தால் பின்னணியில் தானாக மறுபடி கேட்கும். ஸ்டாக்குக்கு 30 விநாடி, மருந்துப் பட்டியலுக்கு ஒரு மணி நேரம் என்று நான் தொடங்குவேன். பட்டியலுக்கும் பூஜ்யத்தையே விட்டுவிட்டு, சர்வர் மேல் ஏன் இத்தனை அழைப்புகள் என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ளும் டீம்கள் நிறைய. ஆர்டர் வெற்றிகரமாகப் போனதும், அதிலுள்ள மருந்துகளின் ஸ்டாக் சாவிகளைச் செல்லாது என்று அறிவிக்க ஒரு வரி போதும்.

இதோடு கூடவே இன்னொன்றும் தீரும். கடைக்காரர் 'பாரா' என்று தட்டிவிட்டு 'பாராசி' என்று தொடர்கிறார். முதல் தேடலின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. கையால் எழுதிய யூஸ்எஃபெக்ட்டுகளில் பாதிக்கு மேல் இதைக் கவனிப்பதே இல்லை. வேகமான ஆபீஸ் வைஃபையில் இது கண்ணில் படுவதும் இல்லை. தேடும் சொல் சாவியின் பகுதியாகிவிட்டால் பழைய பதில் அதன் சாவிக்கு அடியில் போய் உட்காரும், புதியதைத் தொடாது.

அடுத்து உங்கள் லீடுக்கும் இளைஞர்களுக்கும் நடக்கும் சண்டை. கார்ட் எண்ணிக்கைப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 2014-இல் ஃபேஸ்புக், தகவல் ஒரே திசையில் ஓடும் தன் ஃப்ளக்ஸ் முறையை மேடையில் விளக்கியபோது காட்டிய உதாரணமும் இதே ஜாதிதான்: படிக்காத செய்திகளின் எண்ணிக்கை. திருத்துவார்கள், மறுபடி வரும். ஒரே தகவலைப் பல இடங்களில் பலர் மாற்றியதுதான் காரணம். அந்த வழியில் 2015-இல் டான் அப்ரமோவும் ஆண்ட்ரூ கிளார்க்கும் ரிடக்ஸை உருவாக்கினார்கள். அன்று சர்வர் தகவலை வைக்க வேறு வசதியான இடம் இல்லாததால் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினார்கள். ஒரு பட்டியலைக் காட்ட நான்கு ஃபைல், மூன்று ஆக்ஷன் (என்ன நடந்தது என்று சொல்லும் செய்தி) பெயர், எந்த ஆக்ஷனுக்கு என்ன செய்வது என்ற ஒரு நீண்ட ஸ்விட்ச். உங்கள் புதியவர்கள் மனதில் இருப்பது அந்த ரிடக்ஸ். எல்லோருக்கும் இது தேவைப்படாது என்று அப்ரமோவே 2016-இல் எழுதிவிட்டார்.

லீடு சொல்வது ரிடக்ஸ் டூல்கிட்டாக (ரிடக்ஸைச் சுருக்கமாக எழுத அந்தக் குழுவே தரும் தொகுப்பு) இருந்தால் அது வேறு. 2019-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. ஸ்டேட்டை நேரடியாக மாற்றுவது போலவே எழுதலாம், உள்ளே இருக்கும் இம்மர் என்ற லைப்ரரி அதை முறையான புது நகலாக மாற்றிக்கொள்ளும். 2022-இல் பழைய ஸ்டோர் உருவாக்கும் முறையையே கோடு போட்டு அடித்து, டூல்கிட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சர்வர் தகவலுக்கென்று ஆர்டிகே (ரிடக்ஸ் டூல்கிட்) க்வெரியும் அதிலேயே வருகிறது. ஆக, ஒருவர் 2016 ரிடக்ஸைத் திட்டுகிறார், இன்னொருவர் இன்றைய ரிடக்ஸைப் பாராட்டுகிறார். இருவரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஆர்டர் பக்கத்தின் ஒரு துண்டை இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். சத்தம் குறையும்.

லைப்ரரியைத் தேர்வதற்கு முன் ஒரு மதியம் முழு டீமும் போர்டு முன் உட்கார வேண்டும். 11 ப்ரொவைடர்களுக்குள்ளும் இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 'இதன் சொந்த இடம் எது' என்று கேளுங்கள். ஸ்டாக், விலை, கடைகளின் பட்டியல், பழைய பில்கள் எல்லாம் சர்வருடையவை, க்வெரி லைப்ரரிக்குப் போகட்டும். ஃபில்டர், வரிசை முறை, பக்க எண், தேர்ந்தெடுத்த குடோன் ஆகியவை பிரவுசர் முகவரியில் இருக்க வேண்டியவை. சேல்ஸ் ஆள் ஒரு பட்டியலை வடிகட்டி, அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு அனுப்பினால் அங்கேயும் அதே பட்டியல் திறக்க வேண்டும் அல்லவா? ஸ்டோரில் வைத்தால் திறக்காது. படிவத்தில் பாதி தட்டிய எழுத்து அந்தப் படிவத்தோடு கிடக்கட்டும். உள்நுழைந்தவர், மொழி, தீம் மாதிரி அபூர்வமாக மாறுபவற்றை கான்டெக்ஸ்ட்டிலேயே விடுங்கள். கான்டெக்ஸ்ட் அதற்குத்தான் பொருத்தம்.

பிறகு கணக்கிட்டு எடுக்கக்கூடியவை. இவற்றை எங்குமே வைக்கக் கூடாது. உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது: 10 வாங்கினால் 1 இலவசம் என்ற 10+1 ஸ்கீம். கடைக்காரர் 20 ஸ்ட்ரிப் போட்டார், இலவசம் 2 என்று கணக்கிட்டு ஸ்டேட்டில் எழுதிவைத்தீர்கள். அவர் 20-ஐ 9 ஆக்கினார். அளவை மாற்றும் வழி தேடல் பக்கத்தில் ஒன்று, ஆர்டர் பக்கத்தில் ஒன்று, 'போன முறை போலவே' பட்டனில் ஒன்று. மூன்றில் ஒன்றை எழுதியவர் இலவசத்தைத் திருத்த மறந்தால் போதும், 9-க்கு 2 இலவசம் என்று திரையில் நிற்கும். கடைக்காரர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொள்வார். அளவை மட்டும் வையுங்கள். இலவசம், வரித்தொகை, கார்ட் எண்ணிக்கை எல்லாம் படிக்கும் இடத்தில் கணக்காகட்டும். உங்கள் முதல் புகார் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். பில்லில் ஏறும் இறுதித் தொகை மட்டும் எப்போதும் சர்வர் சொல்வதுதான்.

இத்தனையையும் பிரித்தபின் போர்டில் என்ன மிஞ்சும் என்று ஊகிக்கிறேன்: இன்னும் அனுப்பாத ஆர்டர். அதோடு பக்கப் பட்டை திறந்திருக்கிறதா மாதிரி சில்லறை. உங்கள் செயலிக்கே சொந்தமான ஸ்டேட் என்று சொல்லத்தக்கது அந்த அனுப்பாத ஆர்டர் ஒன்றுதான். இதற்காக ஒரு ஸ்டோர் வேண்டும், கட்டாயம் வேண்டும். சேல்ஸ் ஆள் சிக்னல் இல்லாத கடையில் நின்றுகொண்டு 30 வரி தட்டியிருப்பார். போன் வந்து பிரவுசர் டேபை ஆண்ட்ராய்டு கொன்றுவிட்டாலும் அந்த 30 வரி பிழைக்க வேண்டும்.

இந்த அளவுக்குச் சுருங்கிய ஸ்டேட்டுக்கு ஜுஸ்டாண்ட் போதும் என்பது என் தீர்ப்பு. சர்வர் தகவலுக்கு டான்ஸ்டாக் க்வெரி, ஆர்டருக்கு ஜுஸ்டாண்ட். இளைஞர்கள் சொன்னார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மிஞ்சியது சிறியதாக இருப்பதால் சொல்கிறேன். போர்டில் மிஞ்சியது நான் ஊகித்ததைவிடப் பெரிதாக இருந்தால், உதாரணமாக ஒப்புதல் படிகள், கடன் வரம்பு, பாதியில் நிற்கும் ரிட்டர்ன் என்று ஒன்றையொன்று பாதிக்கும் நிலைகள் பிரவுசரிலேயே ஓடுகின்றன என்றால், லீடு பக்கம் சாய்வேன். எந்த நிகழ்வு எந்த வரிசையில் வந்து இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில் பின்னோக்கிப் பார்ப்பதில் ரிடக்ஸை இன்றும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் அப்போது சர்வர் தகவலுக்கும் ஆர்டிகே க்வெரியையே எடுங்கள். ரிடக்ஸ் பாதி, டான்ஸ்டாக் பாதி என்று இரண்டு கேஷை (சர்வர் தகவலின் தற்காலிக நகல்) வைத்துக்கொண்டால் ஆர்டர் போனபின் எதைச் செல்லாததாக்குவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிவரும்.

எதை எடுத்தாலும் திரைகள் லைப்ரரியை நேரடியாகத் தொடக் கூடாது. 'யூஸ்ஸ்டாக்', 'யூஸ்ஆர்டர்' என்று உங்கள் சொந்த ஹூக்குகளை (காம்பொனென்ட்கள் அழைக்கும் ஃபங்க்ஷன்கள்) ஒரு ஃபோல்டரில் எழுதி, அதற்கு வெளியே யாராவது லைப்ரரியை இம்போர்ட் செய்தால், கோடைச் சரிபார்க்கும் ஈஎஸ்லின்ட் தடுக்கும்படி விதி போடுங்கள். அதற்கான விதி அதிலேயே தயாராக இருக்கிறது. ஏன் இவ்வளவு கறார் என்றால், 2020-இல் ஃபேஸ்புக்கிலிருந்தே வந்த ரீகாயில் என்ற ஸ்டேட் லைப்ரரியை அந்தப் பெயரை நம்பி எடுத்தவர்கள் நிறைய. 2025 தொடக்கத்தில் அதன் கோடு இருந்த ரெப்போவையே மூடிவைத்துவிட்டார்கள். சொந்த ஹூக்குகளுக்குப் பின்னால் வைத்திருந்தால் மாற்ற வேண்டியது ஒரு ஃபோல்டர். திரைகளில் நேரடியாகத் தெளித்திருந்தால் 80 திரைகள்.

ஜுஸ்டாண்டில் புதியவர்கள் விழும் குழி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரிலிருந்து எடுக்கும்போது அந்த இடத்திலேயே புது ஆப்ஜெக்ட்டோ புது அர்ரேயோ செய்து திருப்பிக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் 'மாறிவிட்டது' என்றே தோன்றும். ஐந்தாம் பதிப்பில் இது முடிவில்லாத ரெண்டரில் (திரையை மறுபடி மறுபடி வரைவது) கொண்டுபோய் விடவும் கூடும். ஒரு மதிப்பை மட்டும் எடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களே தரும் யூஸ்ஷாலோவைச் சுற்றிப் போடுங்கள். ரிடக்ஸிலும் இதே தவறு தேவையில்லாத ரெண்டராக வெளிப்படும்.

ஆர்டரை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்க ஜுஸ்டாண்டோடு வரும் பெர்சிஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். முதல் நாளிலேயே பதிப்பு எண் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆர்டரின் வடிவம் மாறும்போது பழைய போன்களில் கிடக்கும் பழைய வடிவத்தை மாற்றித்தர ஒரு வழி வேண்டும். மருந்து எண், அளவு, எந்தக் கடைக்கு என்பது மட்டும் உள்ளே போகட்டும். விலையை வைக்காதீர்கள், அடுத்த நாள் மாறியிருக்கும். மெடிக்கல் ஷாப்பில் ஒரே கம்ப்யூட்டரில் பலர் உள்ளே வருவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். லாக்அவுட் பட்டன் உள்நுழைவு டோக்கனை மட்டும் அழித்தால் போதாது, ஆர்டர் ஸ்டோரையும் க்வெரி கேஷையும் சேர்த்துக் காலி செய்ய வேண்டும். கடைக்குக் கடை ரேட் வேறு. ஒருவர் ரேட் இன்னொருவர் கண்ணில் பட்டால் அது வெறும் பக் என்று முடியாது.

நெக்ஸ்ட் ஜேஎஸ் (ரியாக்ட்டை சர்வரிலும் ஓட்டும் ஃப்ரேம்வொர்க்) மாதிரி ஏதாவது வைத்து சர்வரில் ரெண்டர் செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால் கவனம்: ஃபைலின் உச்சியில் ஒரே ஸ்டோராக உருவாக்கிவைப்பது பிரவுசரில் சரி. சர்வரில் அதே ஸ்டோரை எல்லோருடைய கோரிக்கைகளும் பகிர்ந்துகொள்ளும், ஒருவருடைய தகவல் இன்னொருவர் பக்கத்தில் போய் முளைக்கும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஸ்டோர் உருவாக்க வேண்டும். ரிடக்ஸுக்கும் இதேதான்.

மாறும் முறைக்கு வருவோம். எதையும் நிறுத்த முடியாது என்று மேனேஜர் சொன்னது நல்லதுதான். நிறுத்திவிட்டு மொத்தமாக மாற்றும் ஆசையே வராது. முதலில் ஸ்டாக்கை மட்டும் எடுங்கள். புது ஹூக்கை எழுதியதும் திரைகளைத் தொடாதீர்கள். பழைய ஸ்டாக் ப்ரொவைடரின் வயிற்றைத் திறந்து, அதிலுள்ள யூஸ்எஃபெக்ட்டையும் யூஸ்ஸ்டேட்டையும் எடுத்துவிட்டு, புது ஹூக்கிலிருந்து படித்து அதே வடிவத்தில் கீழே கொடுக்கும்படி மாற்றுங்கள். அதைப் படிக்கும் திரைகளுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. தனியாகக் கேட்டுக்கொள்ளும் தேடல் பக்கம் போன்றவற்றை மட்டும் அப்போதே ஹூக்குக்கு மாற்றிவிடுங்கள். மற்ற திரைகள், யாராவது வேறு வேலைக்காகத் தொடும்போது ஒவ்வொன்றாக மாறட்டும். கடைசித் திரை மாறியதும் ப்ரொவைடரை அழியுங்கள். இடைக்காலத்தில் ஒரே தகவலைப் பழைய ப்ரொவைடரும் எழுதுகிறது, புது ஸ்டோரும் எழுதுகிறது என்ற நிலை ஒரு நாள்கூட வரக் கூடாது. இரண்டையும் ஒத்துப்போகவைக்க நடுவில் ஒரு யூஸ்எஃபெக்ட் போடுகிறேன் என்று யாராவது புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். இன்றிலிருந்து புது ப்ரொவைடர் கிடையாது என்றும் சொல்லிவிடுங்கள்.

மேனேஜரிடம் ரிடக்ஸ், ஜுஸ்டாண்ட் என்ற பெயர்களையே எடுக்க வேண்டாம். 'ஸ்டாக் தப்பாகக் காட்டுகிறது' என்று சென்ற மாதம் எத்தனை டிக்கெட் வந்தது என்று எண்ணிக் காட்டுங்கள். ஸ்டாக் மாற்றம் வெளியே போனபின் மறுபடி எண்ணுங்கள்.

திணறலைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் அது எளிது என்பதுதான். கான்டெக்ஸ்ட்டின் மதிப்பு மாறினால் அதைப் படிக்கும் எல்லா காம்பொனென்ட்டும் மறுபடி ரெண்டர் ஆகும். தேவையற்ற ரெண்டரைத் தடுக்கும் மெமோவைச் சுற்றினாலும் நிற்காது. ஒரு வரியில் 1-ஐ 12 ஆக்கத் தட்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் உங்கள் ஆர்டர் பக்கம் முழுவதும் புதிதாக எழுகிறது. தட்டிக்கொண்டிருக்கும் எண் அந்த வரியின் யூஸ்ஸ்டேட்டிலேயே இருக்கட்டும். கட்டத்தை விட்டு வெளியே வரும்போது மட்டும் ஆர்டருக்குச் சொல்லுங்கள். ஒரு விஷயம்: விரல் கட்டத்துக்குள் இருக்கும்போதே 'அனுப்பு' பட்டனை அழுத்தினாலும் கடைசி எண் போய்ச் சேருகிறதா என்று சோதியுங்கள். இதை இந்த வாரமே செய்யலாம், எந்த லைப்ரரியும் வேண்டாம். செய்வதற்கு முன்னும் பின்னும், உங்களிடம் இருப்பதிலேயே மோசமான போனில் ரெண்டர் நேரத்தை அளக்கும் ரியாக்ட் டெவ்டூல்ஸின் ப்ரொஃபைலரை ஓட்டிப் பதிந்துவையுங்கள். அதன் பிறகும் திணறினால் ஸ்டேட்டைச் சந்தேகிக்காதீர்கள். ஒரே பக்கத்தில் நூற்றுக்கணக்கான வரிகளை ஒன்றாக வரைகிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் கண்ணில் படும் வரிகளை மட்டும் வரையும் வழிக்குப் போக வேண்டும். அதற்கு இந்த லைப்ரரிகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.